முன்வரிசையில் அமர்ந்தவர்

ஏழேரி நாட்டில் முன்பு ஏழு ஏரிகள் இருந்தன. அவற்றில் ஆறுக்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், ஆறும் வற்றிப்போயின. ஏழாவதற்குச் சட்டம் போட நேரம் கிடைக்காததால் அது மட்டும் பிழைத்துக்கொண்டது. அதன் மதகுச் சாவியை வைத்திருப்பவரே நாட்டை ஆள்பவர். ஏரிக்காவலர் என்று பெயர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல்.

தேர்தல் சபையில் வினா அலுவலராக இருந்தாள் தில்லைக்கரசி. மக்களின் கேள்விகளை வேட்பாளரிடம் கேட்டு, பதிலைச் சபைச் சுவரில் ஒட்டுவது அவள் வேலை. பதினோரு வருடங்களாக ஒட்டிவந்தாள். அந்த வருடம் ஏரியின் கீழ்க்கரை ஊரிலிருந்து சடச்சி என்ற பெண் வந்து அவள் மேசை முன் நின்றாள்.

“எழுதிக்கோங்கம்மா. தேர்தல்ல நிக்கிற இளவழகர் ஐயா பதினெட்டு வருசமா மௌனானந்த அடிகள் மடத்துல முன்வரிசையில உக்காந்து தலையாட்டுறாரு. கீழ்க்கரைக்காரன் தாகத்துல கெடக்கிறது சாமி குடுத்த தண்டனை, அவனுக்குத் தண்ணி விட்டா பாவம்னு அந்த அடிகள் சொல்றாரு. இவரும் அப்படித்தான் நெனைக்கிறாரா? ஆமாவா, இல்லையா?”

“ஒருத்தருடைய பக்தியைப் பத்திக் கேக்கக் கூடாதும்மா.”

“எந்தச் சாமிய வேணா கும்பிடட்டும். மதகுச் சாவிய வாங்கப்போறவர் எங்கள மனுசனா நெனைக்கிறாரான்னுதான் கேக்குறேன்.”

தில்லைக்கரசிக்கு அதில் தவறு தெரியவில்லை. இளவழகர் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவரும் அடிகளாரும் கைகூப்பி நிற்கும் அறுபது அடிப் பலகை இருந்தது.

“பக்தி என்பது எனக்கும் இறைவனுக்கும் இடையிலான அந்தரங்கம், அம்மையே” என்றார் இளவழகர்.

“கேள்விக்கு ஆமா, இல்லைன்னு சொன்னா போதும் ஐயா.”

“உபதேச நேரத்தில் நான் கண்களை மூடிக்கொண்டிருப்பேன்.”

“காதையுமா?”

அதோடு பேட்டி முடிந்தது. கேட்டதையும் சொன்னதையும் அப்படியே சுவரில் ஒட்டினாள். மதியத்துக்குள் நம்பிக்கை புண்பட்டதாக மூன்று ஊர்வலங்கள் வந்தன. சபை அவசரமாகக் கூடி முதல் ஆணையை இட்டது: கண்ணை மூடிக் கேட்ட எதற்கும் வேட்பாளர் பொறுப்பாகமாட்டார்.

எதிர்த்துப் போட்டியிட்டவர் கொதித்தெழுவார் என்று தில்லைக்கரசி எதிர்பார்த்தாள். அவரோ ஆணையை எழுந்து நின்று வரவேற்றார். மேல்கரை வீடுகளை இடித்துத் தள்ளினால் புண்ணியம் என்று போதிக்கும் பக்திச் சபையொன்றில் அவர் பன்னிரண்டு வருட உறுப்பினர். இரு வேட்பாளர்களும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அதற்கு மத நல்லிணக்கம் என்று பெயரிட்டு, இனி வேட்பாளரின் குருவைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று சபை இரண்டாம் ஆணையையும் இட்டது.

கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் அடிகளார் குரலை உயர்த்தினார். கீழ்க்கரையில் கிணறு இருப்பதும் பாவம்தான் என்றார். அந்த வாரமே மடத்துத் தொண்டர்கள் வந்து ஊர்க் கிணறுகளில் மண்ணைக் கொட்டினார்கள். சடச்சி மறுபடியும் மனுவோடு வந்தாள். சபைத் தலைவர் நிதானமாகப் படித்தார்.

“கொட்டியவர்கள் பிரார்த்தனையில் இருந்திருக்கிறார்கள். கண்கள் மூடியிருந்ததற்குச் சாட்சி உண்டு.”

“கண்ண மூடிக்கிட்டு எப்படிங்கய்யா சரியா கெணத்துக்குள்ள கொட்டினாங்க?”

“அதுதான் அருள்” என்றார் தலைவர்.

அன்று மாலை தில்லைக்கரசியே தலைவரிடம் போனாள். “ஐயா, கேட்டது ஒரே ஒரு ஆமா, இல்லை. அதுக்காக ரெண்டு ஆணை போட்டாச்சு. ஊரே தண்ணியில்லாம தவிக்குது. யாராவது பொறுப்பேற்க வேண்டாமா?”

தலைவர் புதிய தாளொன்றை எடுத்தார். “நியாயம். பொறுப்பு என்பது மக்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.”

அப்படித்தான் மூன்றாம் ஆணை பிறந்தது. வேட்பாளரின் குருவைப் பற்றிக் கேள்வி எழுப்பும்படி தமக்குப் போதித்தது யார், எந்தச் சபை என்று ஒவ்வொரு வாக்காளரும் எழுதிக்கொடுக்க வேண்டும். கண்ணை மூடியிருந்தேன் என்ற சலுகை வாக்காளருக்குக் கிடையாது.

படிவங்களைத் தூக்கிக்கொண்டு தில்லைக்கரசி கீழ்க்கரைக்குப் போனாள். சடச்சியின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

“ஒங்களுக்கு இதச் சொல்லிக்குடுத்தது யாருன்னு கேக்குறாங்க.”

சடச்சி காலிக் குடத்தை இறக்கி வைத்தாள். “யாரு சொல்லிக்குடுக்கணும்? தாகந்தான். அதையே எழுதிக்கோங்க.”

எழுதினாள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் வேறு பதில் வரவில்லை.

சபை படிவங்களை மூன்று நாள் ஆராய்ந்தது. நான்காம் நாள் ஆணை வந்தது: “தாகம் என்ற பெயரில் பதிவுபெற்ற சபை எதுவும் இந்நாட்டில் இல்லை. ஆயினும் அதன் உறுப்பினர் எண்ணிக்கை அச்சமூட்டுகிறது. ஆகவே தாகம் தடைசெய்யப்படுகிறது. அதைச் சேர்ந்தோருக்கு வாக்குரிமை இல்லை.”

ஆணையைச் சுவரில் ஒட்டச் சொல்லித் தில்லைக்கரசியிடம் கொடுத்தார்கள். அவள் ஒட்டவில்லை. தன் பெயருக்கு வந்திருந்த படிவத்தில் “தாகம்” என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு, பதினோரு வருட நாற்காலியை விட்டு இறங்கிக் கீழ்க்கரைப் பக்கம் நடந்தாள்.

மிச்சமிருந்த வாக்காளர்களைக் கொண்டு தேர்தல் நடந்தது. இளவழகர் வென்றார். எந்தக் கேள்வியும் எழாமல் நடந்த முதல் தேர்தல் இதுவே என்று சபை பெருமையோடு அறிவித்தது.