அறுநூற்று இருபது பேரும் ஒரு சோளமணியும்

அக்டோபர் 30, வியாழக்கிழமை. வெப்பநிலை உறைநிலைக்கு நான்கு பாகை கீழே, வடமேற்குக் காற்று, நண்பகல் முதல் ஈரப்பனி. இத்தகைய நாளில் எங்கள் வெஸ்டர்டால் மாவட்டத்தில் நாய்கூட வாசலைத் தாண்டுவதில்லை. ஆயினும் அன்று காலை ஓரின் ஹாக்லண்டின் காப்பிக்கடையில் நிற்பதற்கும் இடமில்லை. டாக்டர் லைல் பெட்டிபோன் எழுந்தருளும் நாளல்லவா அது?

எதில் டாக்டர் என்று எவரும் வினவியதில்லை. அவ்வாறு வினவுவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

ரேகை பார்ப்பவருக்குக் கை வேண்டும்; குறி சொல்பவருக்கு உடுக்கை வேண்டும். பெட்டிபோனுக்கு ஒரு பழுப்பு நிறப் பெட்டி போதுமானதாக இருந்தது. அதன் தலையில் ஒரு பச்சை விளக்கு. விளக்கு மினுங்கினால், செனட்டர் மெரிட் டால்கிரன் மீண்டும் வெல்வாரா என்பதைப் பெட்டி கணக்கிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கு ஓயாமல் மினுங்கியது. எனவே பெட்டியும் ஓயாமல் உழைத்தது என்று நாங்கள் நம்பினோம்.

வியாழன்தோறும் அவர் வெளியிடும் கருத்துக்கணிப்புத் தாள் ஒன்றின் விலை மூன்று டாலர். செனட்டரின் தேர்தல் அலுவலகம் ஐந்நூறு தாள்களை வாங்கிக்கொண்டது. அந்த அலுவலகம் வாங்கத் தொடங்கிய வாரத்திலிருந்து செனட்டரின் செல்வாக்கு உயர்ந்துகொண்டே சென்றது. இதனை நாங்கள் தற்செயல் என்றே கருதினோம். எங்களைப் போன்ற நல்லவர்கள் உலகில் அரியர்.

பெட்டிபோன் தொப்பியைக் கழற்றினார். கடை அடங்கியது.

"இந்த வாரம் நம்ம மாவட்டத்துல அறுநூத்தி இருபது பேர்கிட்ட நானே போன்ல பேசினேன். ஒவ்வொருத்தர்கிட்டயும். செனட்டர் நூத்துக்கு முப்பத்தோரு புள்ளி முன்னால நிக்கிறார். பிழை வரம்பு கூடவோ கொறையவோ மூணு."

'பிழை வரம்பு' என்னும் மந்திரம் ஒலித்ததும் எல்லோரும் தலையசைத்தார்கள். அதன் பொருள் எவருக்கும் தெரியாது. மந்திரத்துக்குப் பொருள் தெரிந்துவிட்டால் அதில் என்ன சுவை இருக்கிறது?

"அப்படின்னா முடிஞ்சுபோச்சு," என்றான் ஓரின், காப்பி ஊற்றியபடி. "செவ்வாய்க்கிழமை நான் பீட்ரூட் வண்டிய ஓட்டப் போறேன். ஜெயிச்சவருக்கு எதுக்கு இன்னொரு ஓட்டு?"

"டாக்டர் உன்கிட்டயும் பேசினாரா?" என்று ஒருவர் கேட்டார்.

"பேசாம? அரை மணி நேரம் பேசினார். ரொம்ப நல்ல மனுஷன்."

மூலை மேசையிலிருந்து சிக்னே ஆபெர்க் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் சிறு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாகச் செவிலியாக இருப்பவர். கடையில் இருந்தவர்களில் பாதிப்பேரை முதன்முதலில் தலைகீழாகப் பிடித்தவர் அவரே. அதனாலோ என்னவோ, எவரிடமும் அவருக்கு அச்சம் கிடையாது.

"ஓரின், ஓட்டுச்சீட்டுல செனட்டர் மட்டுந்தான் இருக்காரா? கீழ, ஆஸ்பத்திரிய நடத்த வரி போடலாமா வேணாமான்னு ஒரு கேள்வி இருக்கு, அதப் படிச்சியா?"

"அது பாட்டுக்கு நடக்கும் சிக்னே."

"எப்படி நடக்கும்? இங்க ஓட்டு வயசுல ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது பேர். பாதிப்பேராவது வந்து போட்டாத்தான் அந்தக் கேள்வியே செல்லும். இல்லன்னா ஜனவரில பிரசவப் பிரிவ மூடிடுவாங்க. அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூத்தி நாலு மைல். என் பொண்ணு காரினுக்கு ஜனவரில நாள் குறிச்சிருக்கு. பனிப்புயல்ல ரோட்டுல வெச்சு யாருடா பாப்பீங்க? நீ வண்டிய நிறுத்திப் பாப்பியா?"

ஓரின் அடுத்தவர் கோப்பையில் காப்பி ஊற்றப் போனான்.

பெட்டிபோன் கனிவுடன் புன்னகைத்தார். "அம்மா, அறிவியல்கிட்ட கோவப்பட்டு என்ன பண்றது? பெட்டி சொல்லிருச்சு."

"பெட்டிகிட்ட எனக்குக் கோவமே இல்ல டாக்டர். பாவம், அதுக்கு வாய் கிடையாது. சாயங்காலம் சர்ச்சுல மீன் விருந்து. நீங்களும் வாங்க. வெண்ணெய் நெறைய இருக்கும்."

வெண்ணெய் என்றதும் அறிவியல் இசைந்தது.

மாலை ஐந்தரை மணி. தேவாலயத்தின் நிலவறைக் கூடம். சாம்பல் காரநீரில் ஊறிய மீனின் மணம் படிக்கட்டிலேயே வரவேற்றது. அதனை மணம் என்று அழைப்பதும் எங்கள் மரியாதையின் ஒரு பகுதியே. உருளைக்கிழங்கு ரொட்டிகள் அடுக்கடுக்காக வந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சீட்டு வாங்கி உண்டார்கள். பெட்டிபோன் விருந்தினர் என்பதால் சீட்டின்றி மூன்று முறை உண்டார். பெட்டி அவர் அருகில் மினுங்கிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைக் கூறியாக வேண்டும். இங்கே எவரும் எவரையும் முகத்துக்கு நேரே குறை கூறார். பக்கத்து வீட்டுக்காரி சுட்ட ஆப்பிள் 'பை' என்னும் பழப் பலகாரத்தில் உப்பை அள்ளிப்போட்டிருந்தாலும், "வித்தியாசமா இருக்கு" என்போம். ஆகவே பை போட்டிக்குத் தீர்ப்பளிக்கத் துணி மூடிய ஒரு ஜாடி உண்டு. பிடித்திருந்தால் சோளமணி, பிடிக்காவிட்டால் பீன்ஸ் விதை. துணிக்கடியில் கையை விட்டுப் போட வேண்டும். அந்த ஒரு ஜாடியிடம் மட்டுமே வெஸ்டர்டால் மக்கள் உண்மை பேசுவார்கள்.

சிக்னே அந்த ஜாடியைத் தூக்கி நடுமேசையில் வைத்தார்.

"இன்னிக்குப் பைக்கு இல்ல. டாக்டர் அறுநூத்தி இருபது பேர்கிட்ட பேசியிருக்கார். அதாவது மாவட்டத்துல மூணு பேர்ல ஒருத்தர்கிட்ட. இங்க முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கோம். டாக்டர், எங்கள்ல எத்தன பேரக் கூப்பிட்டிருப்பீங்க?"

"நூறு," என்றார் பெட்டிபோன், வாயில் ரொட்டியுடன். "பிழை வரம்பு கூடவோ கொறையவோ பத்து."

"சரி. கூப்பிட்டிருந்தா சோளம். கூப்பிடலன்னா பீன்ஸ். யாரும் யாரையும் பாக்க வேணாம். ஜாடி யார்கிட்டயும் சொல்லாது."

பெட்டிபோன் மெல்லுவதை நிறுத்தினார். "இது அறிவியல் முறை இல்ல."

"பை போட்டிக்கு நாப்பது வருஷமா இதுதான் முறை," என்றார் போதகர் லண்ட். அவர் எதையும் சத்தமாகச் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொரு கையும் துணிக்குள் சென்று திரும்பியது. ஓரின் தன் முறை வந்தபோது இருமினான், காதுகள் சிவந்தன. கடைசியில், யாரும் அழைக்காமலே, பெட்டிபோனும் எழுந்து சென்று கையை விட்டு வந்தார்.

போதகர் ஜாடியை வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். பீன்ஸ் கொட்டியது. பீன்ஸ் கொட்டிக்கொண்டே இருந்தது. இறுதியில், வழி தவறிய விருந்தாளியைப் போல, ஒரேயொரு சோளமணி உருண்டு வந்து பெட்டியின் காலடியில் நின்றது.

இரண்டு முறை எண்ணினார்கள். பீன்ஸ் முந்நூற்றுப் பன்னிரண்டு. சோளம் ஒன்று.

எங்கள் வழக்கப்படி எவரும் பெட்டிபோனைப் பார்க்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒருசேர ஒருவரைப் பார்க்காமல் இருந்தால் அது எவ்வளவு கனமாக இருக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

"விருந்தாளியும் போடலாம்னு நெனைச்சேன்," என்றார் பெட்டிபோன், தாங்க முடியாமல்.

ஓரின் மெதுவாகக் கேட்டான். அவன் எதையும் மெதுவாகவே கேட்பான். "உங்களுக்குப் போன் வந்துச்சா டாக்டர்?"

"அது வந்து..."

"யாரு பண்ணினாங்க? நீங்களேவா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அடுத்தவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மேசை மேசையாகப் பரவிச் சமையலறைவரை சென்று, மீன் தட்டு ஒன்றைக் கீழே போட வைத்தது.

"அரை மணி நேரம் பேசினார்னியே ஓரின்," என்றார் சிக்னே.

"எல்லாரையும் கூப்பிட்டாருன்னாங்க. என்ன மட்டும் விட்டுட்டாருன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சிக்னே."

"எனக்கும்," என்றார் போதகர்.

"எனக்கும்," என்றது கூடம்.

இதுவே பெட்டிபோனின் முழு அறிவியல். அவர் எங்களை ஏமாற்ற உழைத்தது மிகக் குறைவு. ஒவ்வொருவரும் அண்டை வீட்டாரின் தொலைபேசி ஒலித்திருக்கும் என்று எண்ணி, தம் தொலைபேசியின் மௌனத்தை மறைத்தோம். எஞ்சிய வேலையை நாங்களே இலவசமாகச் செய்து கொடுத்தோம். அதற்கு மூன்று டாலரும் கட்டினோம்.

அவர் பெட்டியை அணைத்துக்கொண்டு படியேறினார். சன்னல் வழியே பார்த்தோம். காரின் பின்னிருக்கையில், எந்தக் கம்பியோடும் இணையாத பெட்டி, பனிக்குள் மறையும்வரை மினுங்கிக்கொண்டே சென்றது. எதைக் கணக்கிட்டதோ.

"செவ்வாய்க்கிழமை பீட்ரூட் வண்டி ஓட்டணும்னியே?" என்றார் சிக்னே, தட்டுகளை அடுக்கியபடி.

"ஓட்டத்தான் போறேன். போற வழில எட்டுப் பேர ஏத்திக்கிட்டு ஓட்டுச்சாவடி வழியா."

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. பனி முழங்கால் அளவு. வாக்களித்தவர்கள் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொருவர். பாதிக்கு மேல் முந்நூற்று எழுபத்தொருவர் அதிகம். மருத்துவமனை வரி நிறைவேறியது. செனட்டர் எங்கள் மாவட்டத்தில் முன்னால்தான் நின்றார்: முப்பத்தொரு புள்ளிகளால் அல்ல, பதினேழு வாக்குகளால். முடிவைக் கேட்ட அவருடைய அலுவலகத்தார் வெளுத்த முகத்துடன், "இது எப்படி?" என்று சிக்னேயிடம் கேட்டார்கள்.

"எண்ணிப் பாத்தோம்," என்றார் அவர். "நீங்களும் ஒரு தடவ பண்ணிப் பாருங்க. பச்ச வெளக்கு வேணாம், வெரல் போதும்."

உங்கள் மனத்தில் இருப்பதை உங்களிடம் கேளாமலே ஒருவர் சதவீதத்தில் சொல்லும்போது, வாசகர்களே, தலையசைப்பதற்கு முன் அந்தத் தலையை வேறு எதற்கேனும் பயன்படுத்த இயலுமா என்று சற்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு அது இயன்றது, சற்றுத் தாமதமாக. அந்தச் செவ்வாய் இரவு, ஓட்டுச்சாவடியாக இருந்த அதே தேவாலயக் கூடத்தில் கடைசி வாக்குச்சீட்டு எண்ணப்பட்டு, போதகர் விளக்கை அணைத்தபோது மணி சரியாக எட்டு இருபத்தாறு.