என் இட்லித் துணிக் கடையும் பெல்லும்

உலகத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் விட்டதே இல்லை என்று மார்தட்டிக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே மனிதர், எங்கள் மைசூர் மைன்ஸ் பெல்லுதான். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி ‘பயணிகளின் கவனத்திற்கு’ என்று ஆரம்பித்தால் ‘சொல்லும்மா’ என்பார். லோன் வேண்டுமா என்று போனில் கேட்கும் பதிவுசெய்த குரலுக்கும், வேண்டாம் என்று சொல்லி, அது பேசி முடிக்கும்வரை காத்திருந்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

எல்லாம் தொழில் பழக்கம். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அவருக்கு ஷாஃப்ட் வாயில், அதாவது ஆள் இறங்கும் குழியின் தலைமாட்டில், மணி அடிக்கும் வேலை. கீழே லெவலில் இருக்கிறவன் எத்தனை மணி அடிக்கிறானோ, அத்தனையையும் மேலே இருக்கிறவர் திருப்பி அடிக்க வேண்டும். அப்புறம்தான் ஆள் ஏறிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டு நகரும். மைன்ஸ் மூடிவிட்டது, கேஜ் துருப்பிடித்துவிட்டது, பெல்லு மட்டும் திருப்பி அடிப்பதை நிறுத்தவில்லை. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

நான் இருபத்திரண்டு வருஷம் விடியற்கால ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய்வந்தவன். ஐம்பத்திரண்டு வயதில் ஞானம் பிறந்து, வேலையை விட்டுவிட்டு இணையத்தில் கடை திறந்தேன். சரக்கு, என் மனைவி சாந்தி தைக்கும் இட்லித் துணி. பொங்கலுக்குள் கடை ஓடாவிட்டால் மறுபடியும் ரயில்தான் என்று சொல்லி, பழைய மானேஜரின் நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள் சாந்தி. தண்ணி குடிக்கப் போனால்கூட அந்த ஆள் என்னை முறைப்பது போலவே இருக்கும்.

கடைக்குச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்று சொன்னவர்களிடம், அதெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு என்றேன். அப்போது நானும் வேலையில்லாதவன் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாதத்தில் என் கடைக்கு வந்துபோன ஒரே ஆள் நான்தான். காலையும் மாலையும் உள்ளே போய், எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். இருந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். முதல் பதிவு, கல்யாணக் கோட்டில் நான் கைகூப்பி நிற்கும் படம். மேலே ‘வணக்கம்’. ஒரு ஜீவன் திருப்பி வணக்கம் சொல்லவில்லை. இதில் இட்லித் துணி எங்கே என்று கேட்டாள் சாந்தி. அவளே ஆவி பறக்கும் இட்லியோடு துணியைப் படம் பிடித்துப் போட்டாள். கேள்விகள் குவிந்தன. எத்தனை குழித் தட்டுக்குச் சேரும், துவைத்தால் சுருங்குமா, சேலத்துக்கு அனுப்புவீர்களா. நான் அதையெல்லாம் கைதட்டல் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். கைதட்டலுக்கு யாராவது பதில் சொல்வார்களா?

பெல்லு சொன்னார். சாந்தியின் இட்லிப் படத்தைப் பார்த்துத்தான் பக்கத்துக்கே வந்தவர், அதுவும் சுரங்க முறைப்படி. ‘துவைத்தால் சுருங்குமா என்று கேட்டீர்கள். கேட்டுச்சி. இருங்கள், விசாரித்துச் சொல்கிறேன்’ என்று எழுதிவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சாந்தியிடம் விசாரிப்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கதவைத் தட்டுவார். முதலாளி நானா இவரா என்று ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுமே என்று பயந்து, பெல்லுவை பிளாக் செய்தேன். செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் விட்டேன்.

இதற்கிடையில் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று துணியின் ஓரத்தில் சிவப்பு நாடா வைக்கச் சொன்னேன். சாயம் போகும் என்றாள் சாந்தி. வியாபாரம் எனக்குத் தெரியும் என்றேன். முதன்முதலில் வாங்கிய ஓசூர் அம்மா ஒருவர் படம் போட்டார். தட்டு நிறைய ரோஸ் இட்லி. கீழே, ‘இதற்கு யார் பதில் சொல்வது?’ அதற்கும் கீழே அறுபது பேர். போலிக் கடை, ஆளே இல்லாத கடை என்றார்கள்.

ஆள் இருந்தான். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் கதவு தட்டும் சத்தம். பெல்லு. பிளாக் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இன்னாபா, அந்தம்மா ரெண்டு நாளா மணி அடிச்சிகினே கீதாம். ஊரே சொல்லுது. நீ இன்னா பண்ணிகினு கீற?”

என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை என்றேன்.

“பதில் அப்புறம் வரட்டும். கீழ நிக்கறவனுக்கு மேல ஒரு ஆள் கீறான்னு தெரியணும். நான் ஒரு தபா கீழ மாட்டிகினேன்பா. அர மணி நேரம். மணி அடிக்கிறேன், சத்தமே இல்ல. இருட்டுகூட பயமில்ல. அந்தச் சத்தம் இல்லாததுதான்.”

உள்ளேயிருந்து சாந்தி, “அண்ணா, அந்த சிவப்பு நாடா யாரு வெக்க சொன்னதுன்னும் எழுத சொல்லுங்க” என்றாள்.

எழுதினேன். நாடா என் புத்தி, மனைவி தடுத்தாள், கேட்கவில்லை, வெள்ளைத் துணி இன்றே புறப்படுகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் பெல்லு தலையாட்டினார். பத்தாவது நிமிஷம் ஓசூர் அம்மாவின் பதில் வந்தது: ‘ஆள் இருக்கிறீர்களா? அது போதும். இட்லி நன்றாக மெத்தென்றுதான் இருந்தது.’ அதற்குப் பிறகுதான் ஜனங்கள் வாங்க ஆரம்பித்தார்கள். இணையக் கடை வைக்கப்போகிறவர்கள் கவனிக்க: அவர்கள் வாங்கியது துணிக்காக அல்ல, மனைவி பேச்சைக் கேட்காத ஒருவன் நிஜமாகவே இருக்கிறான் என்று தெரிந்ததற்காக. பொங்கலன்று சாந்தி ஃபிரிட்ஜைத் துடைத்தாள். துடைத்த பிறகு அந்த நம்பர் அங்கே இல்லை.

அன்று மாலை பெல்லுவின் பிளாக்கை எடுத்துவிட்டேன். விட்டுப்போனதையெல்லாம் அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது. கோட்டுப் போட்டுக் கைகூப்பி நிற்கும் என் அநாதைப் படத்துக்குக் கீழே, முதன்முறையாக ஒரு வரி.

‘வணக்கம் என்று சொன்னீர்கள். கேட்டுச்சி.’