நீலத் துணியும் நாற்பது நாள் வெயிலும்

பாகூர்,
18 மே 1936

பாரீசில் இருக்கும் என் பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு விருத்தாம்பாள் நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் மாமா, அத்தை, பசுமாடு உட்பட எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை எழுதவும்; போன கடிதத்தில் சாயத்தின் சுகத்தை மட்டும்தான் எழுதியிருந்தீர்கள்.

தாங்கள் கேட்டபடி நீலத் துணித் துண்டுகள் பன்னிரண்டையும் பாதி கறுப்புக் காகிதத்தால் மூடி மாடியில் வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுத் தனக்கொடி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, வெயில்ல போட்டா துணி வெளுக்கும்னு தெரிஞ்சிக்கவா உன் வூட்டுக்காரரு பாரீசுக்குப் போனாரு?" என்று கேட்டார். வெளுப்பது எல்லோருக்கும் தெரியும், வெளிச்சத்தில் இருக்கும் எந்த நிறம் சாயத்தைக் கெடுக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி என்று தாங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் தெருவே வெளுத்த புடவைகளோடு வந்து, உங்களிடம் சொல்லி நிறத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் ஏழாம் துண்டை ஆடு தின்றுவிட்டது. ஆட்டுக்கு ஏதாவது ஆனால் பிரான்சுக்கே எழுதிப்போடுவேன் என்கிறார் ஆட்டுக்கார மாரிமுத்து. ஆடு நன்றாகத்தான் இருக்கிறது. இருபதாம் நாள் கோடை மழை. அத்தை ஓடிப்போய் எல்லாவற்றையும் வாரிவந்து, பாவம், துவைத்து மடித்து வைத்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, இன்றோடு நாற்பது நாள்.

முதலில், படம் பிடிக்கும் வெள்ளி உப்பு வெளிச்சத்தில் ஏன் கறுக்கிறது என்று பார்த்துவர இரண்டு வருஷம் என்றீர்கள். டாக்டர் பட்டம் வந்தது, நீங்கள் வரவில்லை. பிறகு சாயம். இப்போது, இலை வெயிலை வைத்து எப்படிச் சாப்பாடு செய்கிறது என்று பார்க்க அங்கேயே வேலை தருகிறார்கள், இன்னும் மூன்று வருஷம் இருக்கட்டுமா என்று கேட்கிறீர்கள். இலை இங்கேயும் இருக்கிறது. வெயில் நிறையவே இருக்கிறது. நானும் இருக்கிறேன். சாயங்காலம் துண்டுகளை எடுக்கப் போகும்போது, அங்கே இப்போதுதான் நடுப்பகல் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் சாப்பிட்டீர்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். தனக்கொடி அக்கா நின்றுகொண்டிருந்தார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

ஆனாலும் நான் தடையாக இருக்க மாட்டேன். வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. மீதித் துண்டுகள் பதினொன்றும் இத்துடன் வருகின்றன. குளிரில் கழுத்தை மூடிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்களை எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிவரும்
விருத்தாம்பாள்

பி.கு. (பத்து நாள் கழித்து): உறையை ஒட்டுமுன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். 'ஒரு குறையும் இல்லை' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். "அதை அடிச்சிடு. அவன் அங்க இன்னாதான் பாக்குறான்னு நீயே போய்ப் பாரு," என்றார்கள். மாமா நம்மூர் நகராட்சி மேரி ஆபீசில் என் பிரயாணத்துக்கு முத்திரை போட்ட தாள்களெல்லாம் வாங்கிவிட்டார். அடுத்த மாதக் கப்பலில் வருகிறேன். மூட்டை கட்டும் வேலையில் அடித்துத் திருத்த நேரமில்லை. மேலே உள்ள எதையும் படிக்காமல் மர்செய் துறைமுகத்துக்கு வந்து சேரவும்.