பாதிப் போஸ்டர், பாதிப் படம், முழுப் பேச்சு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. விருதுநகருக்குப் போய், ஒரு பழைய படத்தைப் பற்றிப் பேசிவிட்டு வர வேண்டும்.

பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்!

கூப்பிட்டவர் காதர் பாய். வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருக்கிறார். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உலக சினிமா பேசுகிற ஒரே மனுஷன் இந்த ஜில்லாவில் அவர்தான். மாதம் ஒரு பழைய படத்தை எங்கிருந்தாவது பிடித்து வந்து, ஆள் சேர்த்துப் போட்டுக் காட்டுவார்.

"தோழரே, இந்தத் தடவை அந்தத் தீப்பெட்டியாபீஸ் படம். நீங்க வந்து முன்னுரை பேசணும்."

தீப்பெட்டித் தொழிற்சாலையில் நடக்கிற கதை; படத்தின் பெயரை எழுத மாட்டேன். அதன் ரசிகர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கல்லெறியத் தெம்பும் இருக்கிறது.

"நான் எதுக்கு பாய்? அந்தப் படத்தை எதிர்த்து மறியல் பண்ணவன்ல நான்?"

"அதனாலதான கூப்பிடுறேன்! நீங்க அன்னைக்குப் போட்ட கண்டன நோட்டீசு இன்னும் எங்கிட்ட இருக்கு. என்னா எழுத்து! என்னா எழுத்து!"

நான் புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் அல்ல. ரெண்டு தடவை சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை.

சிரிக்க வேண்டாம். நியாயமான காரணம் இருக்கிறது.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சிவகாசியில் மறுபடி வெளியிட்டார்கள். அதற்குப் புதுப் போஸ்டர் எங்கள் ஊரிலேயே அச்சானது. மற்ற ஊர்க்காரன் படத்தைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வான். சிவகாசிக்காரன் போஸ்டரில் மை காயும் முன்பே சொல்லிவிடுவான். பிரஸ்ஸில் மெஷின் ஓட்டிய என் சிநேகிதன் சங்கரபாண்டி, ஒரு ஈரப் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு எங்கள் தொழிற்சங்க ஆபீசுக்கு வந்தான். விரித்துப் பார்த்தேன். பட்டு வேட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான் முதலாளி. அவன் முன்னால் முதுகு வளைந்து, தலை கவிழ்ந்து குனிந்திருக்கிறான் தொழிலாளி.

காலில் விழுகிறான்! ஒரு தொழிலாளி! எங்கள் ஊரில்!

அன்றைக்கே நோட்டீஸ் எழுதினேன். நான் கல்லூரியில் படித்தவன் அல்ல. கல்லூரி வாசலைப் பார்த்ததே மறியலுக்குத்தான். நோட்டீஸ் படித்து வளர்ந்தவன்; நோட்டீஸில்தான் யோசிப்பேன். 'முதுகெலும்பை முறிக்கும் படத்தைப் புறக்கணிப்போம்' என்று தலைப்பு. கமிட்டியில் ஏழு பேர். ஆறு பேர் கை தூக்கினோம். ஏழாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். 'ஏகமனதாக' என்று எழுதினேன்.

புறக்கணிப்புத் தீர்மானம் போட்டவனே டிக்கெட் வாங்கிப் போய் உட்கார முடியுமா? அதனால் பார்க்கவில்லை. பிறகாவது பார்த்திருக்கலாமே என்றால், தீர்மானம் வாபஸ் ஆகவில்லையே! அந்தக் கமிட்டியில் மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். இரண்டு பேர் வேறு கட்சிக்குப் போய்விட்டார்கள். அதுவும் ஏறக்குறைய அதே கணக்குதான். தூங்கினவர் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், அநேகமாக இன்னும் தூங்கிக்கொண்டு. மிச்சம் நான். ஒற்றை ஆளாகக் கமிட்டி கூட்டித் தீர்மானத்தை வாபஸ் வாங்க விதியில் இடமில்லை.

ஆனால் நாற்பது வருஷமாக அந்தப் படத்தைப் பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். பார்த்தவன் யாரும் அவ்வளவு பேசியிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முத்தம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசியாக என் கூட்டத்துக்கு அவள் வந்தபோது, நடுவில் முறுக்கு வாங்க எழுந்து போனவள் திரும்பி வரவே இல்லை.

"எம் பேச்சக் கேக்கவா வார?"

"படம் பாக்க வாரேன். நீங்க பத்து நிமிசந்தான பேசுவீக?"

"பத்தே நிமிசம்."

"சத்தியமா?"

"சத்தியத்துலல்லாம் எனக்கு நம்பிக்கை கெடையாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேட்டேன்."

பஸ் ஆமத்தூரைத் தாண்டும்போது முன் சீட்டிலிருந்து திரும்பி இன்னொரு தடவை கேட்டாள். பத்தே நிமிஷம் என்றேன். கண்டக்டர்கூடச் சாட்சி.

இடம் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால். மறுநாள் அங்கே முகூர்த்தம். காதர் பாய் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோழரே, ஆறு மணிக்குச் சமையல் ஆளுக வந்துருவாக. படம் ரெண்டரை மணி நேரம். மூணு மணிக்கு நீங்க ஆரம்பிச்சாக் கச்சிதமா முடிச்சிரலாம். இந்தப் படம் செல்லுல, கில்லுல எங்கயும் கெடையாது. மெட்ராஸ்ல ஒருத்தரு கையக் காலப் பிடிச்சு வாங்கியாந்திருக்கேன். நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். பத்து நிமிசம். சரியா?"

எத்தனை பேர்தான் ஒரு மனுஷனைச் சந்தேகப்படுவார்கள்!

நாற்பது பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் சங்கரபாண்டி. மெஷின் சத்தத்தில் ஒரு காது போய்விட்டதால், நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். முத்தம்மா மூன்றாவது வரிசையில், சுவர்க் கடிகாரத்துக்கு நேராக.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு மைக் கொடுக்கிறவர்கள், அதைத் திரும்ப வாங்க ஒரு வழியும் வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.

பழைய படங்களைப் பற்றி என் பொது அபிப்பிராயத்திலிருந்து ஆரம்பித்தேன். "அந்தக் காலத்துப் படத்துல வர்ற ஏழை மாதிரி வசதியான ஆளு ஒலகத்துல கெடையாது! குடிசைக்குள்ள நாலு பக்கமும் வெளிச்சம்! மூணு நாள் பட்டினி கெடந்தவன் மூணு பக்கம் வசனம் பேசுறான்! வேலை போன அன்னைக்குக் கூட முடி கலையல!"

கை தட்டினார்கள். அதுதான் வினை. கை தட்டாத கூட்டத்தில் நான் முப்பது நிமிஷத்தில் முடித்துவிடுவேன்.

பாய் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார். 'நேரம்' என்று எழுதியிருந்தது. எங்கள் மேடைகளில் துண்டுச்சீட்டு வந்தால் கூட்டம் சூடுபிடிக்கிறது என்று அர்த்தம். குரலை உயர்த்தினேன். இரண்டாவது சீட்டு வந்தது: 'மணி மூன்றரை.' அப்போதுதான் ஐரோப்பிய சினிமாவுக்குள் நுழைந்திருந்தேன். திரும்பி வர வழியில்லை. மூன்றாவது சீட்டில் 'அல்லாவுக்காக' என்று மட்டும் இருந்தது. நாத்திகனிடம் அந்தச் சிபாரிசு செல்லுமா?

கடைசியில் அந்தக் காட்சிக்கு வந்தேன். "இந்தப் படத்துல தொழிலாளி முதலாளி கால்ல விழுறான்! அவன் கால்ல விழுந்த அன்னைக்கே கலையும் கால்ல விழுந்துருச்சு!"

சங்கரபாண்டி ஒருவன்தான் தட்டினான். அதுவும் நான் முடித்துவிட்டதாக நினைத்து.

மணி மூன்று ஐம்பது. முத்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓட ஆரம்பித்தது. நான் சங்கரபாண்டி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, விரோதியின் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் தப்பைக் காட்டும்படி எதுவும் வரவில்லை. குடிசையில் நாலு பக்கமும் வெளிச்சம். முடி கலையவில்லை. திருப்தியாக இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வந்தது.

தீப்பெட்டியாபீஸ் முற்றம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தொழிலாளி ஏதோ கேள்வி கேட்டுவிட்டான். முதலாளி பதில் சொல்லாமல் அவனுடைய தூக்குச்சட்டியைக் காலால் எத்திவிடுகிறான். சோறு சிதறுகிறது. சட்டியின் மூடி தரையில் உருண்டு போய், சுற்றிச் சுற்றி, மெல்ல அடங்குகிறது. அந்தச் சத்தம் மட்டும்தான். பாட்டு இல்லை. வசனம் இல்லை.

தொழிலாளி குனிகிறான். எனக்கு நன்றாகத் தெரிந்த முதுகு அது.

ஆனால் அவன் கை காலுக்குப் போகவில்லை. சட்டியை எடுக்கிறது. தோளில் கிடந்த துண்டால் உள்ளும் புறமும் துடைக்கிறான். மூடியைத் தேடி எடுத்துப் போடுகிறான். நிமிர்ந்து முதலாளியை ஒரு பார்வை பார்க்கிறான். திரும்பி நடக்கிறான். அவன் பின்னால் ஒவ்வொருத்தராக எல்லோரும் சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்து நடக்கிறார்கள்.

நாற்பது வருஷம் தொண்டை கிழிய நான் கத்தியதை, அந்த ஆள் ஒரு வார்த்தை பேசாமல் துண்டால் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

சங்கரபாண்டி என் காதில் கிசுகிசுத்தான். அவன் கிசுகிசுத்தால் ஹாலுக்கே கேட்கும்.

"ஏலே, இது நம்ம போஸ்டர்லே!"

"போஸ்டர்ல சட்டி எங்கலே?"

"அது கீழ்ச் சீட்டுல. மேலயும் கீழயும் சேத்து ஒட்டுற ரெண்டு சீட்டுப் போஸ்டர்லே அது! நான் கொண்டாந்தது மேல் சீட்டு. கீழ்ச் சீட்ட மறுநாள்தான மெஷின்ல ஓட்டுனோம்."

"சொல்ல வேண்டியதுதானலே!"

"எங்கன சொல்ல? நீதான் மேல் சீட்டப் பாத்ததும் நோட்டீசு எழுத ஓடிட்டியே!"

பிறகு சுவரில் முழுப் போஸ்டரைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஊரில் இருந்த ஒவ்வொரு போஸ்டரின் கீழ்ப் பாதியிலும் எங்கள் கண்டன நோட்டீஸை ஒட்டியிருந்தோம். பசை காய்ச்சியது நானே.

விளக்கு எரிந்தது. இடைவேளை.

எங்கள் இயக்கத்தில் சுயவிமர்சனம் என்று ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவன் எழுந்து சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகும். அந்தத் தப்பு எந்தச் சூழ்நிலையில், என்ன பின்னணியில், யார் யார் ஒத்துழைப்போடு நடந்தது என்று விளக்கத்தான் நேரம் பிடிக்கும்.

மைக்கை எடுத்தேன். காதர் பாய் ஓடி வந்தார்.

"தோழரே, வேணாம்! மணி அஞ்சு பத்து. இப்பப் போட்டாலே முடிய ஆறு இருபதாயிரும். படம் முடிஞ்ச பெறகு பேசிக்கிடலாம்."

"நேர்மைக்கு இடைவேளை கெடையாது பாய்!"

இந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய்விட்டது. அதை வைத்தே கால் மணி நேரம் பேசினேன். பிறகு அந்தக் காலத்துத் தொழிற்சங்க நிலைமை. பிறகு இரண்டு சீட்டுப் போஸ்டர் அச்சிடும் முறையில் உள்ள கோளாறு. சங்கரபாண்டியின் பங்கைத் தனியாகக் குறிப்பிட்டேன். அவன் நல்ல காதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

உச்சத்தில் சொன்னேன். "அன்னைக்கு மறியலை மீறித் தியேட்டருக்குள்ள போனவங்களைத் துரோகிகள்னு எழுதுனேன். அவங்க யாராச்சும் இந்தச் சபையில இருந்தா எந்திரிங்க! நான் மன்னிப்புக் கேக்குறேன்!"

முத்தம்மா எழுந்தாள்.

"நீ எதுக்கு எந்திரிக்க? ஒக்காரு."

"எந்திரிக்கச் சொன்னீகள்ல? எந்திரிச்சிட்டேன்."

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. மூடி உருண்டு அடங்கிய மாதிரி.

"எப்படிப் போன? வாசல்ல நான்ல நின்னேன்!"

"நீங்க ரோட்டப் பாத்துக் கோசம் போட்டுக்கிட்டு இருந்தீக. ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் போனோம்."

"போனோமா?"

"எங்க தீப்பெட்டியாபீசுப் பொம்பளைக பதினாலு பேரு."

பதினாலு! மறியல் மகத்தான வெற்றி என்று மறுநாள் தனி நோட்டீஸே போட்டேன்.

"அம்புட்டையும் பாத்தியா?" என் குரல் மைக்கில்கூடச் சன்னமாகத்தான் வந்தது.

"எங்கன பாக்க? இடைவேளை வரைக்குந்தான். மறியலை முடிச்சிட்டுப் பசியோட வருவீகளேன்னு ஓடியாந்து ஒலை வச்சேன். அந்த மனுசன் சட்டியத் தொடச்சிட்டு நடந்தாரே, எங்க போனாரு, என்ன ஆனாருன்னு நாப்பது வருசமாத் தெரியல. இன்னைக்காச்சும் தெரிஞ்சிக்கிடலாம்னு வந்தேன். அந்த மைக்க வைங்க."

வைத்தேன். மூன்று இன்ஸ்பெக்டர்கள் முயன்று தோற்ற காரியம் அது.

பாய் லேப்டாப்பைப் பார்த்து ஓடினார். அதே சமயம் பின்கதவு திறந்தது. நாலு பேர் ஓர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே சமையல் மாஸ்டர்.

"மணி ஆறுங்க. காய் வெட்டணும்."

"ஒரு மணி நேரம் மாஸ்டர்! நல்ல படம்!" பாய் கெஞ்சினார்.

"முந்நூறு எலைக்குக் கத்திரிக்காயி ஒங்க படமா வந்து வெட்டும்?"

பாய் விடாமல் படத்தைப் போட்டார். திரையில் அந்தத் தொழிலாளி தூக்குச்சட்டியோடு ஒரு நீண்ட ரோட்டில் நடந்தான். பத்தடிகூடப் போயிருக்க மாட்டான். எல்லா டியூப் லைட்டையும் போட்டுவிட்டார்கள். ஆள் வெளிச்சத்தில் கரைந்துபோனான். வெங்காய மூட்டையைப் பிரித்து வெட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அதைக் கலையின் தாக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் முத்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருத்தங்கல் வரை பொறுத்துப் பார்த்தேன்.

"வேணும்னா மிச்சக் கதையப் பாய்கிட்டக் கேட்டுச் சொல்லட்டா?"

"வேணாம். நீங்க முழுசாத் தெரிஞ்சிக்கிடாமச் சொன்ன கதையே நாப்பது வருசம் ஓடிருச்சு."

பிறகு வீடு வரை நான்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

காதர் பாய் நல்ல மனுஷன். மெட்ராஸ்காரரிடம் மறுபடி மன்றாடி, அடுத்த மாதத்துக்கும் படத்தை வாங்கிவிட்டார். நேற்று அதற்கான நோட்டீஸ் என் செல்லுக்கு வந்தது.

'இரண்டாம் பாதி மட்டும் திரையிடப்படும். முன்னுரை கிடையாது. சுயவிமர்சனம் கிடையாது.'

கீழே சின்ன எழுத்தில், 'வாசகம்: முத்தம்மாள், முன்னாள் தீப்பெட்டித் தொழிலாளி' என்று போட்டிருந்தது.

மூன்றே வாக்கியம். நான் எழுதியிருந்தால் நாலு பக்கம் வந்திருக்கும்.