பிள்ளையார் சுழி அழிச்ச என் கல்யாணம்

அன்னிக்கு எனக்கு வேலை ஒன்னே ஒன்னுதான். மெர்லிமாவ் பக்கம் ஒரு கோயில் கல்யாண மண்டபம். அதோட புக்கிங் வெப்சைட்ல ஒரு பட்டன் சேர்க்கணும்.

அப்போ இன்டர்நெட் வந்த புதுசு. மலேசியாவுல, மலாக்கா டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில வேலை பார்த்துக்கிட்டு, நானும் ஒரு புரோகிராமர்னு திரிஞ்ச காலம்.

ஏற்கெனவே 'சேமி'னு ஒரு பட்டன் இருந்துச்சு. கோயில் செகரெட்டரி மணியம் அங்கிள் வந்து, "கேன்சல் பண்றவங்களுக்கும் ஒன்னு வையிமா"ன்னாரு.

வச்சேன். புக்கிங் நம்பரைப் போட்டு 'அழி'ய அழுத்தினா அந்த விசேஷம் காலி. பட்டன் சிவப்பா, பார்க்க லட்சணமா இருந்துச்சா, 'சேமி'க்கு முன்னாடியே வச்சுட்டேன். "நெஜமாவா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னுகூட தோணல. அவ்ளோ அறிவு!

சாயந்திரம் அங்கிள் போன் பண்ணாரு.

"சிஸ்டம் சூப்பர் லா! ஆவணியில ஒரு நல்ல முகூர்த்தம் காலியா இருந்துச்சு, லூபோக் சீனா ஊர்ப் பார்ட்டிக்குக் குடுத்துட்டேன்."

"எந்த முகூர்த்தம்?"

சொன்னாரு.

"அங்கிள், அது என் கல்யாணம்!"

"ஐயையோ! நீ கேன்சல் பண்ணலையா? மாப்பிள்ளை சரியில்ல போலன்னு நெனச்சு, கேக்கக் கூச்சப்பட்டுட்டேன்மா."

மறுநாள் காலையில பஸ் பிடிச்சு ஓடுனேன். "நீங்க செஞ்சதை அப்படியே செஞ்சு காட்டுங்க"ன்னேன். நல்லவேளை, டெஸ்டுக்குன்னு வச்ச நகல் பக்கத்தைத்தான் திறந்து குடுத்தேன்.

கண்ணை மூடி ஒரு கும்பிடு. முதல் பெட்டியில '2'. படக்குனு ஒரு என்டர்.

"ஏன் அங்கிள் ரெண்டு?"

"ரெண்டு இல்லம்மா, பிள்ளையார் சுழி! அது போடாம நான் எதையும் எழுதுனதே இல்ல. உங்க கீபோர்ட்ல 'உ' இல்லையே, இதுதான் கொஞ்சம் சாயலா இருந்துச்சு."

"என்டர் எதுக்கு?"

"சுழி போட்டா அடுத்த வரிக்குப் போக வேணாமா?"

முதல் பெட்டி, புக்கிங் நம்பர். என்டர் தட்டினா கம்ப்யூட்டர் முதல் பட்டனை அழுத்துனதா எடுத்துக்கும். முதல் பட்டன், என் லட்சணமான 'அழி'. ஒன்னாம் நம்பர் கோயில் திருவிழா. ரெண்டாம் நம்பர் யாரு? சிஸ்டம் எழுதுன திமிர்ல முதல் ஆளா புக் பண்ண நான்தான்!

லூபோக் சீனாக்காரங்க அதுக்குள்ள வெத்தலை பாக்கு மாத்தி, கல்யாணக் கார்டு அடிக்கவும் சொல்லிட்டாங்க. இனி அவங்ககிட்ட எந்த முகத்தோட கேக்கறது?

அழுகையா வந்துச்சு. வீட்டுல அம்மா ஒரு போடு போட்டாங்க. "கல்யாணத்தைக் கெடுக்க வெளியாள் வரணும்னு பயந்தேன். வீட்டுக்குள்ளயே வளர்த்திருக்கேன்!"

கடைசியில அதே முகூர்த்தத்துல புலாவ் செபாங்ல, தண்டவாளத்தை ஒட்டி ஒரு மண்டபம் கெடைச்சுச்சு. தாலி கட்டுற நேரம் பார்த்து ரயில் வந்துச்சு. கெட்டிமேளம் அடிச்சாங்களாம். வீடியோவுலகூட கேக்கல.

கல்யாணம் முடிஞ்சு கடைக்குத் திரும்பி வந்து முதல் வேலையா 'சேமி'ய முன்னால கொண்டு வந்தேன். 'அழி' இப்போ ரெண்டு தடவை கேக்கும்.

அங்கிளைத்தான் மாத்த முடியல. அதனால அந்த மண்டபத்துல இன்னிக்கும் புக்கிங் நம்பர் ஒன்னுக்கு அப்புறம் நேரா மூணு. ரெண்டாம் நம்பர் பிள்ளையாருக்கு.