சித்திரை வராத காட்டில் ஆப் ஸ்டோர்

ஒரு காட்டில் ஒரே ஒரு கணினி இருந்தது. அது சிங்கராஜாவின் குகையில் இருந்தது. குளத்து மதகைத் திறக்கும் செயலியும் அதற்குள்தான் இருந்தது. முன்பெல்லாம் யானை ஒரு தள்ளு தள்ளினால் மதகு திறந்துவிடும். அதில் முன்னேற்றம் தெரியவில்லை என்று மாற்றிவிட்டார்கள்.

ஒரு நாள் அந்தச் செயலி, தன்னைப் புதுப்பித்தால்தான் வேலை செய்வேன் என்று முரண்டு பிடித்தது. புதியதை ஆப் ஸ்டோரிலிருந்துதான் இறக்க வேண்டும். ஆப் ஸ்டோரோ திறக்கவே இல்லை. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வெள்ளைத் திரைதான் மிஞ்சியது. எல்லோருக்கும் நாக்கு வறண்டது. மான்கள் சேற்றை நக்கின.

குரங்கு ஒயர்களையெல்லாம் பிடுங்கி மறுபடி சொருகியது. கரடி கணினியை அணைத்து அணைத்துப் போட்டது. நரி எட்டிப் பார்த்து, சர்வர் டவுன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனது. பிறகு உடும்பு சிலம்பாயியைக் கூப்பிட்டார்கள். கணினி வேலைக்கென்றே தற்காலிகமாக வைத்திருந்தவள் அவள். அதனாலேயே கடைசியாகக் கூப்பிட்டார்கள்.

சரிசெய்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ராத்திரிச் சாப்பாடு அவள்தான் என்றது சிங்கம். சாப்பாடு என்றதும் சிலம்பாயி வாசல் பக்கம் இரண்டடி நகர்ந்தாள். ஆனால் நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆசையும் வந்தது. ஒன்றைப் பிடித்தால் விடுகிற வம்சமில்லை அவளுடையது.

இணையம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. தேங்கிக் கிடந்த குப்பைக் கோப்புகளை அழித்தாள். கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தாள். வட்டம் அதுபாட்டுக்குச் சுற்றியது. அப்புறம்தான் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. பங்குனி கடைசி வாரம்.

அவளுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் காட்டில் ரொம்பக் காலமாகவே பங்குனிதான். பங்குனியில் அடைமழை பெய்தது. பங்குனியில் பனி கொட்டியது. பங்குனியில் பிறந்த குட்டிகளுக்குப் பங்குனியிலேயே கல்யாணமும் ஆகிவிட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேதி தப்பாக இருந்தால் ஆப் ஸ்டோர் கதவைத் திறக்காது. சிலம்பாயி தேதியைத் திருத்தினாள். கடை பளிச்சென்று திறந்தது. மிருகங்கள் துள்ளிக் குதித்தன. கூடவே திரையில் ஓர் அறிவிப்பும் வந்து நின்றது. சிங்கராஜாவின் ஆட்சிக்காலம் சித்திரை முதல் தேதியோடு முடிந்துவிட்டதாம். அது முடிந்து மூன்று வருடம் ஆகிறதாம்.

பங்குனி தீரும்போதெல்லாம் தேதியைப் பின்னால் தள்ளியது யார் என்று எல்லோருக்கும் புரிந்தது. கூட்டம் சிங்கத்தைப் பார்த்தது. சிங்கம் தன் நகத்தைப் பார்த்தது. ராஜா இன்றோடு தொலைந்தார் என்றுதான் சிலம்பாயி நினைத்தாள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நீதிக்கதை நிறையப் படித்திருக்கிறீர்கள்.

முதலில் வாயைத் திறந்தது கரடி. "அப்போ என் லீவு?"

சித்திரையில் வேலைக்குத் திரும்ப வேண்டிய கரடி அது. காட்டெருமைக்குச் சித்திரையில் பணி ஓய்வு. மயிலுக்குச் சித்திரையில் அரங்கேற்றம், ஓர் அடவுகூடக் கற்றிருக்கவில்லை. நரிக்கு ஏதோ வழக்கு விசாரணை. நேற்றுவரை நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, இவளை யார் கேட்டார்கள் என்று ஆளாளுக்கு அவள்மேல் பாய்ந்தார்கள்.

"அப்ப தண்ணி வேண்டாமா? சரியான தேதி இருந்தாத்தான் இது ஓடும்" என்றாள் சிலம்பாயி.

"தண்ணி எப்ப வேணா குடிச்சுக்கலாம் தாயி" என்றது காட்டெருமை. "ரிட்டயர் ஆயிட்டா வீட்ல யாரும் மதிக்க மாட்டாங்க."

சிங்கம் குரலை உயர்த்தவே இல்லை. "சிலம்பாயி, உன் தற்காலிக வேலை எதுவரைக்கும்?"

சித்திரை முதல் தேதிவரைக்கும். அவளுக்கு வேலை போய் மூன்று வருடம் ஆகிவிட்டது, அது தெரியாமலே தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் ராஜா அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அவளே பங்குனியைத் திரும்ப வைத்துவிட்டாள். கடை மூடிக்கொண்டது. கைதட்டலில் காடே அதிர்ந்தது. மான்களும் தட்டிவிட்டு மறுபடி சேற்றை நக்கப் போயின.

சிங்கம் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே சிலம்பாயியின் வேலையை நிரந்தரமாக்கியது. உத்தரவு சித்திரை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும்.

நீதி: கணினி மக்கர் செய்தால் முதலில் தேதியைப் பாருங்கள். சரியாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.