கையில் காயம் இல்லை

கழுத்துக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்று உலக வைத்தியம் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து களைத்தது. 1993ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், எங்கள் 'வைத்தியப் பிரயாண அனுமதிக் குழு' அதை இரண்டே அமர்வுகளில் தீர்த்துவைத்தது. தொடர்பு இல்லை.

குழுவில் ஐந்து பேர். தலைவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் சண்முகநாதன். மொழிபெயர்ப்பு நாவல்கள் வாசிப்பவனுக்கு வசனம் நீளமாக வரும் என்று என்னைச் செயலாளராக்கியிருந்தார்கள். சிகிச்சைக்குப் போர் எல்லையைத் தாண்டிக் கொழும்பு போவதென்றால் எங்கள் 'பாஸ்' வேண்டும்.

பண்டத்தரிப்புத் தையற்காரி இராசாத்தி, வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். டொக்டரின் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். கழுத்து முள்ளந்தண்டில் ஷெல் துண்டொன்று நரம்பு வேர்களை நெரிக்கிறது. முன்வேர் கையை அசைப்பது. பின்வேர் கையின் உணர்வைக் கொண்டுவருவது. இரண்டு மாதத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் கை திரும்பாது.

"பிள்ளை, கையிலை காயம் இருக்கோ?" என்றார் தலைவர்.

"இல்லை ஐயா. கழுத்திலைதான்."

"கழுத்தைத் திருப்பு பாப்பம்."

திருப்பினாள்.

"வடிவாத் திரும்புது! பேந்தென்ன?"

"வாய்க்காலை மேலை அடைச்சால் கீழை பாத்தி காயும்தானே ஐயா? பாத்தியைக் கிண்டிப் பாத்து என்ன செய்யிறது?"

"இது விவசாயக் குழு இல்லை."

உறுப்பினர் அடைக்கலநாதன் விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவர். கோப்பிலிருந்து குண்டூசியை உருவி அவள் பெருவிரலில் குத்தினார்.

"நோகுதோ?"

"இல்லை ஐயா."

"பாத்தியளே? ஒரு நோவுமில்லை எண்டு அவவே சொல்லுறா!"

நிராகரித்தோம்.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தாள். கொதிக்கும் சட்டியில் விரல்கள் ஒட்டிக்கிடந்ததைக் கருகல் மணத்தால்தான் அறிந்தாளாம். கை முழுக்கக் கொப்புளம்.

தலைவர் முகம் மலர்ந்தது. "ஆ! இப்ப கையிலை காயம் இருக்கு. விண்ணப்பம் ஒழுங்காய் இருக்கு."

"அப்ப பாஸ் தருவியளோ ஐயா?"

"சுட்ட புண்ணுக்கு இஞ்சையே களிம்பு இருக்கு, பிள்ளை. கொழும்பு எதுக்கு?"

"ஐயா, இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு. கை போனால் நான் எப்பிடித் தைக்கிறது?"

எங்கள் குழு ஜனநாயக முறைப்படி இயங்குவது. "நிராகரிப்பை எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தலாம்," என்றார் தலைவர்.

இராசாத்தி ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். எங்களில் எவர் கழுத்திலும் இரும்பு இல்லை. பத்துக் கைகளுக்கும் நரம்புகள் ஒழுங்காகவே ஓடின. ஒன்றுகூட எழவில்லை. என்னுடையது 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டிருந்தது.